குடமுருட்டிக் கரையில் சில சாட்சிகள்

சென்ற ஆவணித் திங்களில் பூண்டிக்குச் செல்லும் வழியில் திருக்காட்டுப்பள்ளியில் இறங்கினோம். காவிரியினின்று குடமுருட்டி பிரியும் ஊர் அது. கல்லணை தாண்டி வந்த நீர் படித்துறையைத் தழுவி ஓடிற்று. வயல்களில் குறுவைக் கதிர் முற்றிக்கொண்டிருந்தது.

எம்முடன் வந்த விலங்கியல் ஆசிரியர் நீராடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கரையோரக் கோரையின் வேர்களைச் சல்லடையில் அலசினார். சிக்கியவற்றை வெள்ளைப் பீங்கான் தட்டில் கவிழ்த்தார். எமக்கு முதலில் சேறுதான் தெரிந்தது. சிறிது நேரத்தில் அச்சேறு அசையத் தொடங்கிற்று! சிறகு முளைக்காத தட்டான் குஞ்சு ஒன்று, நத்தைகள் நான்கைந்து, மணற்பொடியை ஒட்டிக் கூடு கட்டி அதனுள்ளேயே குடியிருக்கும் புழு ஒன்று, வாலில் மெல்லிய இழைகளும் வயிற்றின் இருபுறமும் இலை போன்ற செவுள்களும் உடைய சிறு பூச்சிகள் இரண்டு.

"இந்தச் செவுள்காரன்தான் முதற் சாட்சி" என்றார் ஆசிரியர். ஆங்கிலத்தில் மேஃபிளை எனப்படும் இவ்வினம் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவையே நம்பி வாழ்வது. சாக்கடை மிகுதியாகக் கலந்தால், அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் அவ்வாயுவைத் தீர்த்துவிடுகின்றன. பூச்சி மூச்சின்றி மடிகிறது. வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்துக்கும் இது எளிதில் பலியாகும்.

எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "எங்க ஊர் வாய்க்கால்ல மீன் செத்து மிதந்துச்சு ஐயா. மூணு நாள் கழிச்சு வந்து சீசாவுல தண்ணி மொண்டுகிட்டுப் போனாங்க. தண்ணி நல்லாத்தான் இருக்குன்னுட்டாங்க. அப்புறம் மீன் ஏன் செத்துச்சு?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. சீசாவில் உள்ள நீர், மொண்ட அந்த நிமிடத்தை மட்டுமே சொல்லும். நஞ்சு அதற்குள் கடலை நோக்கிப் போயிருக்கும். பூச்சியும் நத்தையுமோ வாரக்கணக்கில் அங்கேயே கிடந்து, வந்ததையெல்லாம் அனுபவித்தவை. எவை இருக்கின்றன, எவை காணாமற் போயின என்று எண்ணினால் நடந்தது ஓரளவு புலப்படும்.

ஜெர்மனியில் கோல்க்விட்ஸ், மார்சன் என்னும் இருவர் 1908, 1909-ஆம் ஆண்டுகளிலேயே நீர்வாழ் உயிர்களை அழுக்கின் அளவுகோலாக வகுத்தனர். 1970-களின் பிற்பகுதியில் பிரிட்டனில் பூச்சிக் குடும்பங்களுக்கு மதிப்பெண்ணே அளித்தனர். மேஃபிளை வகைகள் சிலவற்றுக்கு 10, தட்டானுக்கு 8, சேற்றில் நெளியும், மண்புழுவின் உறவான நீர்ப்புழுவுக்கு 1. நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இம்முறையை நம் நாட்டு நீர்நிலைகளுக்கேற்பத் திருத்தி எடுத்துக்கொண்டது.

ஆயினும் தஞ்சைத் தரணியில் ஒரு சிக்கல் உண்டு. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். இடைப்பட்ட கோடையில் வாய்க்கால்கள் வறண்டு வெடித்துக் கிடக்கும். புதுநீர் வந்த மறுநாளே சல்லடையோடு இறங்கினால் ஒன்றும் அகப்படாது. அது நீரின் குற்றமன்று. சில வாரம் பொறுத்துப் பார்க்கவேண்டும். பக்கத்து வாய்க்காலோடு ஒப்பிடவும் வேண்டும். சீமைக் கணக்கை அப்படியே இங்கே போட இயலாது.

மாலையில் தஞ்சை நகரில், வீட்டுக் கழிவுநீர் விழும் வாய்க்கால் ஒன்றில் அதே சல்லடையை இட்டோம். தட்டான் இல்லை, நத்தை இல்லை. வந்தவை குருதிச் சிவப்பான புழுக்கள் மட்டுமே, கொத்துக் கொத்தாக! நம் இரத்தத்தில் உள்ளது போன்ற ஹீமோகுளோபின் இவற்றின் உடலிலும் உண்டு. ஆதலால் பிராணவாயு அருகிய சேற்றிலும் பிழைத்துக்கொள்கின்றன. மதிப்பெண் 2.

சற்றுக் கீழே சிறுவர்கள் மதகின்மேல் ஏறிக் குதித்துக் குளித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் ஒருவன் நீந்தி வந்து தட்டைப் பார்த்து, "தூண்டிலுக்கு ஆகுமா, சார்?" என்றான். ஆசிரியர் முதலில் அவனைக் கரையேறச் சொன்னார்.