கடைத்தெருவும் கல்விக்கூடமே

வாணிகத்தை ஏட்டில் மட்டும் பயின்று அறிந்துவிட இயலுமா? குமரி மாவட்டத்தில் நம் பிள்ளைகள் பலர் வணிகவியலும் வணிக நிர்வாகமும் கற்கின்றனர். இலாப நட்டக் கணக்கைப் பிழையின்றி எழுதும் அவர்களுக்கு, வாங்கிச் சென்றவர் மீண்டும் ஏன் வரவில்லை என்ற வினாவுக்கு விடை தெரிவதில்லை.

1908-இல் தொடங்கிய ஹார்வர்டு வணிகப் பள்ளி இதற்கொரு வழி கண்டது. மெய்யாக நிகழ்ந்த சிக்கலொன்றை ஆசிரியர் முன்வைப்பார்; மாணவர் தமக்குள் வாதித்துத் தீர்வு காண்பர். அப்பள்ளியின் துணையோடு 1961-இல் அகமதாபாத்தில் தோன்றிய இந்திய மேலாண்மைக் கழகமும் அம்முறையைக் கைக்கொண்டது. அதே ஆண்டில் அதே நகரில் தேசிய வடிவமைப்புக் கழகமும் எழுந்தது. வாணிகத்தையும் வடிவமைப்பையும் இணைத்துக் கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் இன்று பல. அங்கே மாணவர் குழுவாகச் சென்று பிறர் இடர்ப்பாட்டைக் கேட்டறிந்து, தீர்வை மாதிரியாகச் செய்து பார்த்து, குறை கண்டு திருத்துகின்றனர்.

மதரஸாவில் ஓதியவர்க்கு இதன் முற்பாதி புதிதன்று. உஸ்தாது எழுந்து சென்றபின் இருவர் மூவராய் அமர்ந்து பாடத்தை ஆராயும் 'முதாகரா'வில்தான் எங்களுக்குக் கிதாபு விளங்கியது. கூஃபாவின் பட்டு வாணிகரான இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களும் மாணவரோடு விவாதித்தே சட்டங்களைத் தெளிவித்தார்கள்.

அவர்களைப் பற்றி ஒரு செய்தி உண்டு. பழுதுள்ள துணியொன்றைக் கூட்டாளியிடம் கொடுத்து, பழுதைச் சொல்லி விற்கப் பணித்தார்கள். அவர் மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் கிடைத்த தொகை முழுவதையும் தருமம் செய்துவிட்டார்கள்.

என்னிடம் அரபு ஓத வரும் கல்லூரி மாணவர்களிடம் இதனைக் கூறி, "அம்மறதி நேராதவாறு கடையை எப்படி ஒழுங்கு செய்வீர்கள்?" என்று கேட்டேன். துணியிலேயே சீட்டுத் தைக்கலாம் என்றார் ஒருவர். அதுவரை பேசாதிருந்த மற்றொருவர், "ஹஸ்ரத், எங்கள் வாப்பா கடையில் பழுதுத் துணிக்குத் தனி அலமாரி உண்டு" என்றார். பெருநாள் நெரிசலில் அலமாரி கலந்துவிடாதா என்று மூன்றாமவர் மடக்கினார். "வாப்பாவிடம் கேட்டு வருகிறேன்" என்றார் அவர். மூன்றாண்டுகள் வணிகம் பயின்றவர், தந்தையிடம் வணிகம் பற்றிக் கேட்கவிருந்தது அதுவே முதன்முறை!

பட்டம் பெறும் பிள்ளை கடையில் அமர்வது இழுக்கெனக் கருதும் பெற்றோர் இதனைச் சிந்திக்க வேண்டும். கல்லூரிகளும் மாணவரைக் கோட்டாற்றுக்கும் குளச்சலுக்கும் அனுப்பட்டும். பொருளை விற்கும் திறனைப் பாடநூல் தரலாம். பழுதைச் சொல்லி விற்கும் நாணயத்தைக் கண்டு பழகவே வேண்டும்.