மாந்தளிர் நிறத்தில் ஒரு டப்பா

ஐந்தாம் வகுப்பு ஆண்டு விழாவில் ஆண்டாள் வேஷம் எனக்குத்தான் என்று நம்பியிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி; முப்பது பாசுரமும் மனப்பாடம். டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பாட்டை நீ பாடு, வேஷத்தை அவ கட்டட்டும். உனக்குக் கலர் பத்தாது” என்றார். திரைக்குப் பின்னால் நின்று நான் பாடினேன். கன்னத்தில் ரோஸ் பவுடர் மின்ன இன்னொருத்தி வாயசைத்தாள். மேகநிறத்தவனைத்தான் மணப்பேன் என்று அடம்பிடித்தவளின் வேஷத்துக்கு, அவள் பிறந்த ஊரிலேயே என் நிறம் போதவில்லை. அதிலுள்ள வேடிக்கை அன்றைக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன்.

அதன்பின் முகத்தில் எதுவும் பூசியதில்லை. கல்லூரிக்குப் போனதும் அதற்கு ஒரு கொள்கை கிடைத்தது. ஒப்பனை என்பது ஆண் பார்வைக்குக் கட்டும் வரி என்று மேடைகளில் பேசியிருக்கிறேன். பேசியது பொய்யில்லை. ஆனால் அந்தக் கொள்கைக்குள் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஒளிந்திருந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை.

போன தை மாதம் ராஜபாளையத்தில் அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம். ஒருவாரம் முன்னால் ஒரு பார்லரில் ‘ட்ரயல் மேக்கப்’ போட்டுக்கொண்டு வந்தாள். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். கன்னத்தில் வெளிர் ரோஸ், அதன் மேல் சாம்பல் பூத்தது மாதிரி ஒரு படலம்.

“அத்தை, செத்துப்போன மாதிரி இருக்கேன்ல?”

சிரித்தாள், கண் கலங்கியிருந்தது. முகத்தைக் கழுவிவிட்டு வந்து, “நீங்களே போட்டுவிடுங்க. நீங்கதான் என்னை வெள்ளையாக்கப் பாக்க மாட்டீங்க” என்றாள். மறுக்க வாய் வரவில்லை.

தெரியாததைப் படித்துத் தெரிந்துகொள்வதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வேலை. அதையே செய்தேன். வெளிர் ரோஸ் பிளஷ்ஷில் வெள்ளைத்தூள் அதிகம்; டைட்டானியம் டைஆக்ஸைடு மாதிரியானது. கறுத்த தோலில் ரோஸ் அமுங்கிப்போய் அந்த வெள்ளை மட்டும் மேலே நிற்கும். அதுதான் சாம்பல். நமக்கு வேண்டியது செங்கல் நிறம், நாவல்பழ நிறம், அடர்ந்த ஆரஞ்சு. டப்பாவில் பார்த்தால் பயமுறுத்தும், கன்னத்தில் போய் அடங்கிவிடும்.

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஃபேன்சி ஸ்டோருக்குப் போனோம். 2017இல் பாடகி ரிஹானா 40 நிற ஃபவுண்டேஷன்களோடு ஃபென்டி பியூட்டியைத் தொடங்கினார். எங்கள் ஊர்க் கடையில் பிளஷ் மூன்று நிறம், மூன்றும் ரோஸ். “டார்க் ஸ்கின்னுக்கு லைட்டாப் போட்டாத்தான் எடுப்பா இருக்கும்” என்றார் கடைக்காரப் பெண். அவரும் கறுப்புதான். அடித்தட்டில் தேடச் சொன்னோம். தூசி படிந்த ஒரு க்ரீம் டப்பா கிடைத்தது. “காஞ்ச மிளகா கலர்ல இருக்கு அத்தை” என்றாள் இவள். தேதி பார்த்தேன், காலாவதியாகவில்லை. பின்பக்கத்தில் சி.ஐ. 77491 என்றிருந்தது. அது இரும்பு ஆக்ஸைடு, செம்மண்ணைச் சிவப்பாக்குவதும் அதுதான். (சி.ஐ. 75470 என்று இருந்தால் அது கார்மைன், கள்ளிச்செடியில் வாழும் ஒரு பூச்சியிலிருந்து எடுப்பது. சைவக்காரர்கள் பார்த்து வாங்கலாம்.)

கடை ட்யூப்லைட்டை நம்பாமல் தெருவுக்கு வந்து வெயிலில் ஒரு பொட்டு வைத்துத் தேய்த்தேன். மிளகாய் காணாமல் போயிற்று. கன்னத்துக்குள்ளிருந்து யாரோ விளக்கேற்றிய மாதிரி ஒரு செம்பு நிறம்.

அந்த நிறத்தை எனக்கு முன்பே தெரியும். அய்யனார் கோயில் போகும் வழியில் மாந்தோப்புகள் தளிர்விடும்போது இருக்கும் நிறம். மாமை என்று வகுப்பில் எத்தனை வருஷமாய்ச் சொல்லிக்கொடுக்கிறேன்! மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர்கள் சொல்வதை அப்படியே ஒப்பித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். சங்கப் பெண்ணின் அழகு மாமை. அது போய் உடல் வெளிறினால் பசலை, அது துயரத்தின் நிறம். வள்ளுவர் 119ஆம் அதிகாரம் முழுக்க அதைத்தான் பேசுகிறார். எங்கள் பிள்ளை காசு கொடுத்துப் பசலை வாங்கி வந்திருந்தாள்.

நிச்சயத்தன்று காலை, முதல் சண்டை மதினியோடு. குளித்ததும் டால்கம் பவுடரைக் கொட்டித் தேய்க்கக் கிளம்பிவிட்டார். பவுடர் மேல் க்ரீம் வைத்தால் திட்டுத்திட்டாய் நிற்கும். க்ரீம் முதலில், எங்கள் ஊர் வியர்வைக்கு அதன்மேல் தோல் நிறத்திலேயே துளிப் பவுடர், அதுவும் ஒற்றி எடுத்தால் போதும். சிரிக்கச் சொல்லி உப்பும் இடத்தில் வை என்பார்கள். சிரிப்பு நின்றதும் நிறமும் கீழே இறங்கிவிடும், கன்னம் தொங்கிய மாதிரி தெரியும். எங்கள் வீட்டு வட்ட முகத்துக்குக் கன்ன எலும்பின் மேலேயே வைத்து நெற்றிப்பொட்டை நோக்கி மோதிர விரலால் தட்டித் தட்டிக் கொண்டுபோனேன். தேய்க்கவில்லை. நீள முகமென்றால் அவ்வளவு மேலே ஏற்றாமல் பக்கவாட்டில் பரப்பலாம். பட்டாணி அளவில் பாதி, இரண்டு கன்னத்துக்கும்.

கண்ணாடியில் அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டாள். எனக்குக் கண்ணாடிக் கிணறு நினைவு வந்தது. ஆண்டாள் கோயிலுக்குள் இருக்கிறது. மாலையைச் சூடி அதில்தான் தன்னைப் பார்த்தாள் என்பார்கள். பெருமாளுக்கு முன்னால், அப்பாவுக்கு முன்னால், அவளை முதலில் பார்த்தது அவள். ஆண்டாளின் வேட்கை பற்றிக் கட்டுரை எழுதிய நான் இந்த ஒரு பார்வையை எப்படித் தவறவிட்டேன்?

மாப்பிள்ளை வீட்டம்மா ஒருவர், “கல்யாணத்துக்குப் பெரிய பார்லராப் பாத்துக்கலாம், கொஞ்சம் கலர் எடுத்துக் குடுப்பாங்க” என்றார். சபை ஒரு நொடி அமைதியானது. நான் வாயைத் திறப்பதற்குள் இவளே சொன்னாள்: “இல்லைங்க அத்தை, இதான் என் கலரு. எங்க அத்தையே போட்டுவிடுவாங்க.” மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். அது சம்மதமா சங்கடமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அவளிடம் கேட்டேன், “பாக்கலாம் அத்தை, இன்னும் நாள் இருக்கு” என்றாள்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அடுக்களையில் என்னைப் பிடித்து நிறுத்தி, விரலில் மிச்சமிருந்ததை என் கன்னத்தில் தட்டினாள். துடைக்கவில்லை. அப்படியே பஸ் ஏறினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் அம்மா கதவைத் திறந்து, என் முகத்தையே பார்த்தாள்.

“என்னடி மொகமெல்லாம் செவந்து கெடக்கு, வெயில்ல நின்னியா?”

“ஆமாம்மா” என்றேன்.