ஏரி மண்

குட்டி யானை வண்டியிலிருந்து இறக்கிய சாக்குகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, தோட்டக்காரர் முதல் சாக்கின் வாயை அவிழ்க்கிறார். பெசன்ட் நகரில் கடலுக்குப் பக்கத்துத் தெரு ஒன்று. மாசி மாதக் காலை. எதிர்வீட்டு மாடியிலிருந்து எனக்கு அவர் கைகள் நன்றாகத் தெரிகின்றன.

ஒரு பிடி மண்ணை எடுத்து, குவளைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு நனைக்கிறார். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் திரிபோல உருட்டுகிறார். விரல் நீளத்துக்கு நீள்கிறது. வளைத்துப் பார்க்கிறார்; ஒடியவில்லை. அந்தச் சாக்கைத் தொட்டிப் பக்கம் நகர்த்துகிறார். அடுத்ததும் அப்படியே. மூன்றாவது சாக்கு மண் உருட்டும்போதே விண்டு உதிர்கிறது.

"இது சவுடும்மா. கரையோரம் வெட்டினது கலந்திருக்கு. தாமரைக்கு ஆவாது."

வீட்டம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். பருத்திப் புடவைக் கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு படியில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் நர்சரியில் வாங்கிய தொட்டிக்கலவைப் பை.

"அப்போ இது? லேசா இருக்கும், செடி நல்லா வரும்னு சொல்லிக் குடுத்தாங்களே."

அவர் மறுத்துப் பேசவில்லை. அந்தப் பையிலிருந்து ஒரு கை அள்ளி, தண்ணீர் நிறைந்த வாளியில் போட்டு அம்மாவின் முன்னே வைக்கிறார். தேங்காய்நார்த் தூள் முழுக்க மேலே மிதக்கிறது. தண்ணீர் தேயிலை நிறத்துக்கு மாறுகிறது. அம்மா குனிந்து வெகுநேரம் பார்க்கிறார்.

"ரோஜாவுக்கு வெச்சுக்கலாம்மா" என்கிறார் தோட்டக்காரர், மெதுவாக.

மாடித்தோட்டம் போட்ட சென்னைக்காரர்கள் எல்லோரும் கற்றிருப்பது ஒரே பாடம்தான்: மண் பொலபொலவென்று இருக்க வேண்டும், தண்ணீர் வடிய வேண்டும், வேருக்குக் காற்று வேண்டும். தாமரைத் தொட்டியில் இவ்வளவும் தலைகீழ். தொட்டிக்கு ஓட்டையே கிடையாது. சேற்றுக்குள் காற்று துளியும் இல்லை. தாமரை தன் காற்றை மேலிருந்து கொண்டுவருகிறது. இலை இழுக்கும் காற்று தண்டு வழியாகக் கிழங்குக்கு இறங்குகிறது. கிழங்கைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வட்டத் துளைகள் அந்தக் காற்றுப் பாதைதான். அதனால் மண்ணிடம் அது கேட்பது வேறு: கனமாக இருக்க வேண்டும், சத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும், தண்ணீரில் கரைந்து கலங்காமல் அடியிலேயே கிடக்க வேண்டும்.

அப்படிப்பட்ட மண் இந்தப் பேட்டையில் இல்லை. வீட்டுவசதி வாரியம் மனை பிரித்த இந்தத் தெருக்களில் எங்கே தோண்டினாலும் மணல்தான். மழை உப்பைக் கழுவியிருக்கும்; ஆனால் போட்ட உரம் அதில் நிற்காது. அம்மா வேறொரு யோசனை சொல்கிறார்.

"அடையாறு முகத்துவாரத்துல அவ்வளவு சேறு கிடக்கே?"

"உப்புத் தண்ணி ஏறி எறங்குற எடம்மா அது. ஊரு சாக்கடையும் சேருது. தாமரை நல்ல தண்ணிச் செடி."

எனவே இது செங்கல்பட்டுப் பக்கத்து ஏரி வண்டல். விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் ஏரி வண்டலை இலவசமாக எடுக்க அரசு அனுமதிக்கிறது. 2024 முதல் அந்த அனுமதியை வட்டாட்சியரே தருகிறார். மச்சான் தன் நிலத்துக்கு அடித்த வண்டலில் கொஞ்சம் இது என்கிறார் தோட்டக்காரர். கோடையில் ஏரியைத் தூர்வாரி வயலுக்கு அடிப்பது இந்த நாட்டின் பழைய வழக்கம். ஏரிக்கும் நல்லது, நிலத்துக்கும் நல்லது. பையில் அடைத்து விற்கிற எந்தக் கலவைக்கும் முன்னால் நான் அந்த வண்டலைத்தான் வைப்பேன்.

கட்டிகளை மண்வெட்டியின் பின்புறத்தால் உடைத்து, சல்லடையில் சலிக்கிறார். கோரைக்கிழங்கு, நத்தை ஓடு, ஒரு பாட்டில் துண்டு. பிறகு, கறுப்பாக, கல்போல ஒன்று. அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

"தாமரை வெதைம்மா. எந்த வருஷத்துதோ."

இப்படிக் கிடைத்த விதை சும்மா விஷயமல்ல. ஜப்பானில் 1951-ல் இச்சிரோ ஓகா என்ற தாவரவியலாளர் சிபா நகரில் மண்ணுக்குள் ஆழத்திலிருந்து தாமரை விதைகளை எடுத்து முளைக்க வைத்தார். ஏறத்தாழ 2,000 ஆண்டு பழையவை என்று கணிக்கப்பட்ட விதைகள். அவற்றில் ஒன்று 1952-ல் பூத்தது. தண்ணீர் புகாத அந்தத் தடித்த ஓடு உள்ளிருக்கும் உயிரை அத்தனை காலம் காக்கிறது. அதுவே முளைக்கவும் விடுவதில்லை. தோட்டக்காரருக்கு அது தெரிந்திருக்கிறது. விதையின் ஒரு முனையைச் சிமெண்ட் தரையில் தேய்க்கிறார், வெள்ளைப் பருப்பு தெரிகிற மட்டும். கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு, அம்மாவிடம் நீட்டுகிறார்.

"தெனமும் தண்ணிய மாத்துங்க."

அடுத்தது எரு. அம்மா இங்கே தாராளம் காட்டப் பார்க்கிறார். அவர் விடவில்லை. எருவை முகர்ந்து பார்க்கிறார். சாணி வாடை போய் மழை மண் வாடை வந்திருந்தால்தான் மக்கியது என்று கணக்கு. பச்சைச் சாணி சேற்றுக்கடியில் புளிக்கும், குமிழி விடும், கிழங்கை அழுகவைக்கும். மிஞ்சிய சத்து தண்ணீரில் கசிந்தால் பாசிக்குத்தான் விருந்து. மொத்தத் தொட்டிக்கும் இரண்டு கை எரு, ஒரு கை எலும்புத்தூள். அதுவும் அடி அடுக்கில் மட்டும். மேல் அடுக்கு வெறும் வண்டல்.

தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பிசைகிறார். முழங்கை வரை சேறு. நடுநடுவே ஒரு உருண்டை பிடித்து விரலால் அழுத்திப் பார்க்கிறார். அதிரச மாவின் பதம் வந்ததும் நிறுத்தி, வட்டத் தொட்டியில் பாதி உயரத்துக்கு அப்பிச் சமன் செய்கிறார்.

"ஒரு வாரம் ஊறட்டும்மா. இருக்கிற குமிழியெல்லாம் வெளிய வந்துரட்டும்."

மறுவாரம் ஈரத்துணியில் சுற்றிய கிழங்கோடு வருகிறார். அதன் முளை நுனியைத் தொடாமல், நடுவில் பிடித்தே தூக்குகிறார். நுனி ஒடிந்தால் அந்தக் கிழங்கே போயிற்று. தொட்டி ஓரமாகப் படுக்கவைத்து, சேற்றை மேலே இழுத்துவிட்டு, நுனியை மட்டும் வெளியே விடுகிறார். வளர்கிற நுனி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றி ஓடும். சதுரத் தொட்டியாக இருந்தால் மூலையில் முட்டிச் சிக்கிக்கொள்ளும். மிதந்துவிடாமல் ஒரு கூழாங்கல் பாரம். அதற்குமேல் அலசிய ஆற்றுமணல் ஒரு அங்குலம், நுனியை மூடாமல்.

தண்ணீருக்கு, முதல்நாளே டிரம்மில் பிடித்து வைத்த மெட்ரோ தண்ணீர். போர் தண்ணீர் கரிக்கிறதாம். மணல்மேல் வாழையிலைத் துண்டைப் போட்டு, அதன்மேல் மெல்ல ஊற்றுகிறார். ஒரு துளி கலங்கவில்லை. நான்கு விரல் உயரத்தோடு நிறுத்துகிறார். இலை நீள நீளத்தான் ஏற்ற வேண்டும்.

"உரம் எப்போ வைக்கணும்?"

"மொதல்ல மெதக்கிற எல வரும். வரட்டும். அப்புறம் தண்ணிக்கு மேல நிக்கிற எல வரும். அது வந்த பெறகு கேளுங்க. கப்பி மீனு நாலு விடுங்க, இல்லாட்டி டெங்கு பாக்க வர்றவங்க தொட்டியக் கவுத்துடுவாங்க."

அம்மா சிரித்து, தேய்த்த விதை கிடக்கும் தம்ளரைக் காட்டுகிறார். ஓடு வெடித்துப் பச்சை முளை விரல்கடை நீண்டிருக்கிறது. அவர் வாங்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, இதற்குத் தனியாக ஒரு சின்னத் தொட்டி, எருவே வேண்டாம், வெறும் வண்டல் போதும் என்கிறார். சவுடு மண் சாக்கை முருங்கைமரத்தடியில் கொட்டச் சொல்கிறார் அம்மா. அதைக் கொட்டிவிட்டு வந்து, அல்லிக்கு வைத்திருக்கும் அடுத்த தொட்டியை அவர் கழுவ ஆரம்பிக்கிறார்.

"அல்லிய நடுவுல வைக்கணும்மா. அது சுத்தி ஓடாது."