ஒரு பவுண்டு மிளகு = ஒரு செம்மறி ஆடு!

உங்க இடுப்புல 300 தங்கக் காசு. பக்கத்துல ஒரு கோவேறு கழுதை வாங்கிக்கலாம். டிராகனை எல்லாம் வெட்ட வேணாம் பாஸ்... வியாபாரம் பண்ணிப் பெரிய ஆளாகணும், அவ்வளவுதான் லட்சியம். எந்த ஊருக்குக் கிளம்புவீங்க?

என்னைக் கேட்டா, கோயம்புத்தூர் ஜங்ஷன்ல காலையில கேரளா பக்கம் போற ஏதாவது ஒரு ரயிலைப் பிடிங்கன்னு சொல்வேன். ஜன்னல் சீட் ரொம்ப முக்கியம்!

விஷயத்துக்கு வர்றேன். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'னு ஒரு விளையாட்டு. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு பேர் உருவாக்கியது. கம்ப்யூட்டர் வேணாம். மேஜையைச் சுத்தி நாலஞ்சு பேர், பேப்பர், பென்சில், இருபது முகப் பகடை. ஒருத்தர் கதை சொல்லுவார், மத்தவங்க வீரன், மந்திரவாதி, திருடன்னு ஆளுக்கொரு வேஷம் கட்டி அந்தக் கதைக்குள்ள நடப்பாங்க. எங்க ஹாஸ்டல்ல கதை சொல்ற வேலை எனக்கு. எல்லாம் நல்லாத்தான் போச்சு, ஈரோட்டு நண்பன் 'நான் வியாபாரி'ன்னு சொல்ற வரைக்கும்!

அவன் வீடு மஞ்சள் மண்டி. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிப் புத்தகத்தில் சரக்குகளுக்கு ஒரு விலைப் பட்டியல் இருக்கு. ஒரு பவுண்டு உப்பு 5 செப்புக் காசு. ஒரு பவுண்டு மிளகு 2 தங்கக் காசு. ஒரு செம்மறி ஆட்டுக்கும் அதே விலை. குங்குமப்பூ 15 தங்கம். அந்த விலைக்கு ஒரு காளை மாடு. நண்பன் பட்டியலை ஒரு தடவை மேய்ஞ்சான். "சரி... மிளகு எந்த ஊர்ல விலை கம்மி?"ன்னு கேட்டான். எல்லா ஊர்லயும் 2 தங்கம்தான். விக்கிறதும் அதே 2 தங்கம். சரக்குகள் சந்தையில் முழு விலைக்குப் போகும்னு புத்தகமே சொல்லுது. அவன் பென்சிலைக் கீழ வெச்சுட்டான். "டேய், இந்த உலகத்துல ஒரு யாவாரி கூட உசுரோட இருக்க முடியாதுடா!"

விளையாட்டை உருவாக்கினவங்களுக்கும் இது தெரியாம இல்லை. 1978-ல் வந்த பழைய பதிப்பில் கைகாக்ஸ், இந்த விலையெல்லாம் ஏன் இப்படித் தாறுமாறா இருக்குன்னு ஒரு காரணம் எழுதியிருக்கார். அலாஸ்கா தங்க வேட்டைக் காலத்துல ஊரெல்லாம் காசு புழங்கினதால ஒரு முட்டை ஒரு டாலருக்குப் போச்சாம். அந்த மாதிரி ஊர்ல நீங்க இருக்கீங்கன்னு நினைச்சுக்கணுமாம். வீரர்களுக்கு அது போதும். வியாபாரிக்குப் போதாது. அவனுக்கு இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் நடுவுல ஒரு வித்தியாசம் வேணும்.

அந்த வித்தியாசத்தைத் தேடித்தான் ரயில்.

கோவையைத் தாண்டினதும் வலது பக்கம், இடது பக்கம் ரெண்டு பக்கமும் மலை விலகி நிக்கும். பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த ஓட்டை. காத்து மட்டுமில்லை, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி வியாபாரமும் இந்த ஓட்டை வழியாத்தான் போச்சு. கிழக்கே நொய்யல் கரையில் கொடுமணல், அதுக்கப்புறம் கரூர். மேற்கே முசிறித் துறைமுகம். 1842-ல் கோவைக்குப் பக்கத்துல வெள்ளலூரில் மட்டும் 500-க்கு மேல ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைச்சிருக்கு. ஆமாங்க, நம்ம ஊர்க் குப்பையெல்லாம் போய்ச் சேருதே, அதே வெள்ளலூர்தான்! விளையாட்டுல புதையல் கிடைச்சா 'இது எப்படி இங்க வந்துச்சு?'ன்னு யாரும் கேட்கிறதில்லை. வெள்ளலூர்ல நின்னா கேட்பீங்க.

வாளையாறு வரும்போது தூங்கிடாதீங்க. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வர்றதுக்கு முன்னாடி இங்க இருந்த வணிகவரி செக்போஸ்ட்ல லாரிகள் மணிக்கணக்கா வரிசை கட்டி நின்ன கதையை எந்த டிரைவர் கிட்டக் கேட்டாலும் சொல்வார். எங்க விளையாட்டுக்கு முதல் விதி இங்கதான் கிடைச்சுது. எல்லையைத் தாண்டும்போது ஆறு முகப் பகடையை உருட்டு. எத்தனை விழுதோ அத்தனை நாள் காத்திரு. காவலாளிக்குச் சம்பளம் மட்டும் ஓடிட்டே இருக்கும்.

ஆலுவாவில் இறங்கி வடக்குப் பறவூர் பஸ் பிடிச்சா பட்டணம் கிராமம் பக்கம். கோட்டை கொத்தளம் எல்லாம் எதிர்பார்த்துப் போனா ஏமாந்துடுவீங்க. தென்னை மரம், வீடு, வேலி, வெயில். ஆனா 2007-லிருந்து இந்த மண்ணைத் தோண்டினப்போ ரோமானிய மது ஜாடித் துண்டுகள், மணிகள், படகுத்துறை, மரத்தைக் குடைஞ்சு செஞ்ச ஓடம், கூடவே மிளகும் வந்திருக்கு. இதுதான் முசிறின்னு பல ஆய்வாளர்கள் சொல்றாங்க, ஒத்துக்காதவங்களும் இருக்காங்க. செங்கடல் கரையில் எகிப்தின் பெரனிகே துறைமுகத்துல ஒரு கோயில் தரைக்கடியில் இந்தியப் பானை ஒண்ணு கிடைச்சுது. உள்ளே ஏழரைக் கிலோ மிளகு! அந்த முனையில் பானை, இந்த முனையில் வேலியோரம் நிக்கிற நாம.

நடுவுல என்ன நடந்ததுங்கிறதுக்கு ஒரு காகிதம் இருக்கு. வியன்னாவில் பாதுகாக்கப்படும், கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ். ஒரு பக்கம் முசிறியைக் குறிப்பிடும் கடன் ஒப்பந்தம். மறுபக்கம் 'ஹெர்மபோல்லோன்'ங்கிற கப்பல்ல வந்த சரக்குக் கணக்கு: தந்தம், கங்கைப் பக்கத்து நறுமண வேர்... மதிப்பு கிட்டத்தட்ட 70 லட்சம் செஸ்டர்ஸ். செங்கடல்லேர்ந்து ஒட்டகம், அப்புறம் நைல் நதியில் படகு, அலெக்சாந்திரியா போய்ச் சேர்ந்ததும் அரசாங்கத்துக்கு நாலில் ஒரு பங்கு வரி. ஒரு டன்ஜன் மாஸ்டருக்கு இதை விட என்ன வேணும், சொல்லுங்க!

இப்போ உங்க 300 தங்கத்துக்கு வருவோம். விளையற இடத்துல மிளகு பாதி விலைன்னு நாங்களே ஒரு விதி போட்டோம். அப்போ 200 பவுண்டு மிளகு 200 தங்கம். கோவேறு கழுதை 8 தங்கம், 420 பவுண்டு சுமக்கும். பத்து நாள் வழி, நாலு காவலாளி, தலைக்கு ஒரு நாளைக்கு 2 தங்கம்... 80. மொத்தம் 288. கால் பங்கு வரியில 50 பவுண்டு போச்சு. மீதி 150 பவுண்டை 2 தங்கம்னு வித்தா 300. லாபம்? 12 தங்கம்! உங்க கூட ஈட்டி பிடிச்சுட்டு நடந்து வந்த ஒவ்வொருத்தனும் 20 தங்கம் வாங்கிட்டுப் போறான்.

ஹாஸ்டல்ல எல்லாரும் சிரிச்சாங்க. ஈரோட்டுக்காரன் மட்டும் சிரிக்கலை, பென்சிலைத் திரும்ப எடுத்தான். இன்னொரு வியாபாரியைச் சேர்த்துக்கிட்டா? அதே கழுதையில 400 பவுண்டு ஏறும். அதே நாலு காவல் போதும். செலவு ரெண்டாப் பிரியுது. ஆளுக்கு 56 தங்கம் லாபம்! வணிகச் சாத்துன்னு பத்தாம் வகுப்புல படிச்சோமே, கும்பலா வண்டி கட்டிப் போனாங்கன்னு... பயத்துல மட்டும் சேர்ந்து போகலை, கணக்குப் போட்டும்தான் போயிருக்காங்க. பிற்காலத்துல ஐந்நூற்றுவர் மாதிரி வணிகக் குழுக்கள் சொந்தமா வீரர்களையே வெச்சிருந்தாங்க. வீரன், வில்லாளி, வியாபாரி மூணு பேரும் ஒரே கோஷ்டி. விளையாட்டுப் பெட்டியில இருக்கிற அதே கூட்டணி!

கடைசி ஸ்டாப் கொச்சி மட்டாஞ்சேரி. யூதத் தெருவில் கால் வைக்கும்போதே மூக்கு தானா வேலையை ஆரம்பிச்சுடும். சுக்கு, ஏலம், மிளகு. சுற்றுலாக் கடைகள்தான் இப்போ அதிகம். ஆனா இன்னும் கிடங்குகள் இருக்கு. மிளகுக்குன்னே இங்க ஒரு வர்த்தகச் சங்கம், 1957-ல் தொடங்கினது. ஒரு காலத்துல கூடத்துல கத்திக் கத்தி மிளகு விலை பேசுவாங்களாம். ஒரு கிடங்கு வாசல்ல நின்ன பெரியவர் கிட்ட, விளையாட்டுக்குன்னு சொல்லாம, "சேட்டா, நல்ல மிளகை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"ன்னு கேட்டேன். லிட்டர் படியைக் காட்டினார். "இதுல நெறச்சு எடை போடு மோனே. 550 கிராம் நின்னா நல்ல சரக்கு. குறைஞ்சா உள்ள காத்துதான்." தண்ணியில போட்டா பப்பாளி விதை மிதக்கும், கலப்படத்துக்கு அதுதான் ரொம்ப நாளாக் கை கொடுக்குது. மூணு கிலோ பச்சை மிளகு காய்ஞ்சா ஒரு கிலோதான் தேறும்.

எங்க விதிப் புத்தகத்துல 'மிளகு'ன்னு ஒரே வரி. அவர் கையில அது மூணு நாலு தரமாப் பிரிஞ்சு கிடந்துது. வியட்நாம் மிளகு பத்தியும் அவரேதான் பேச்செடுத்தார். உலகத்துல மிளகு அதிகம் விளையறது இப்போ அங்கதான். 2017 டிசம்பரில் மத்திய அரசு, கிலோ 500 ரூபாய்க்குக் கீழே மிளகு இறக்குமதி ஆகக்கூடாதுன்னு தடுப்பு போட்ட கதையையும் சொன்னார். குறிச்சுக்கிட்டேன்: 'தூர தேசத்துல புதுத் தோட்டம்' - வருஷத்துக்கு ஒரு தடவை பகடை, 1 விழுந்தா உள்ளூர் விலை பாதி.

இதை ஹாஸ்டல்ல படிச்சுக் காட்டினப்போ ஈரோட்டு நண்பன் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னான். 2010-11-ல் மஞ்சள் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டினப்போ அவங்க தாத்தா விக்கலை, இன்னும் ஏறும்னு கிடங்கைப் பூட்டி வெச்சார். 2012-ல் அதில் மூணுல ஒரு பங்கு விலை கூட இல்லை. "பூட்டி வெச்சா என்ன ஆகும்னு ஒரு விதி எழுதுடா. புழு வைக்கிறதையும் சேர்த்து எழுது"ன்னான். எழுதினோம். மாசத்துக்கு ஒரு பகடை, பொறுமைக்கு வாடகை. அந்த விதியை மட்டும் அவனே உட்கார்ந்து எழுதினான், நாங்க யாரும் கை வைக்கலை. படிப்பு முடிஞ்சதும் மண்டிக்குத் திரும்பறதா, கேம்பஸ்ல வந்த வேலைக்குப் போறதான்னு அவன் இன்னும் வீட்டுக்குச் சொல்லலை.

நீங்க போறதா இருந்தா மழை விட்டதும் போங்க. அந்தக் காலத்துக் கப்பலுக்கும் காத்து கணக்கு உண்டு: ஜூலையில எகிப்தை விட்டுக் கிளம்பி, தென்மேற்குக் காத்தைப் பிடிச்சு இங்க வரும். திரும்பிப் போக டிசம்பர், ஜனவரி வரைக்கும் காத்திருக்கணும். எங்க கதையில இப்போ அக்டோபர். நண்பனோட 400 பவுண்டு மிளகு கரையில மூட்டையா அடுக்கியிருக்கு, கப்பல் துறையில நிக்குது, காத்து திரும்பலை. கிடங்கு வாடகைக்குப் பகடையை உருட்டுறது இந்த சனிக்கிழமை.