மாமா, வலைய எங்க கட்டணும்?

குவீன்ஸ்டவுன் எம்ஆர்டி படியில இறங்கிட்டு இருக்கேன். ஊர்லேர்ந்து அக்கா பையன் வாய்ஸ் மெசேஜ்.

"மாமா, காணும் பொங்கலுக்கு நரி பிடிக்கப் போறோம். வலைய எங்க கட்டணும்?"

யார்கிட்ட கேக்கறான் பாருங்க.
நான் கடைசியா வேட்டையாடினது மெய்லிங் உணவங்காடியில ஒரு காலி மேசைய.
ஆயுதம்: இடம் பிடிக்க மேசையில வச்ச ஒரு டிஷ்யூ பாக்கெட்.

தெரியாதவங்களுக்கு. சேலம் வாழப்பாடி பக்கம் சில ஊர்ல பொங்கலுக்கு வங்கா நரி ஜல்லிக்கட்டு நடக்கும். புதர்க்காட்டுல வலை கட்டி, விரட்டிப் பிடிப்பாங்க. வாயைக் கட்டி, மாலை போட்டு, மேளத்தோட ஊர்வலம். அது முகத்துல முழிச்சா வருஷம் பூரா யோகமாம். அப்புறம் காட்டுல விட்டுடுவாங்க.

நமக்கு யோகம், சரி.
நம்ம முகத்துல முழிச்ச நரிக்கு?

ரெண்டு மூணு கிலோதான் இருக்கும். வால் நுனி கருப்பு. எலியும் கரையானும் தின்னு பொழைக்கற ஜீவன். தை மாசம் பெட்டை சினையா இருக்கற நேரம் வேற.

1972 வனவிலங்குச் சட்டப்படி பிடிச்சாலே குத்தம். வனத்துறை அபராதமும் போட்டிருக்கு.

இங்க சிங்கப்பூர்ல காட்டு விலங்குக்குத் தீனி போட்டாலே முதல் தடவை 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம். அலெக்சாண்ட்ரா கால்வாய்ல நீர்நாய் வந்தா படம் எடுக்கறதோட சரி.

"வலை வேணாம்டா. விடியக்காலைல போய் தூரத்துலேர்ந்து பாரு, அதுவும் நரி முகம்தான்"னு அனுப்பினேன்.
ப்ளூ டிக் வந்துச்சு. பதில் வரல.

வாழப்பாடிக்காரங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, உங்க ஊர்ல இந்த வருஷம் வலையோட போனாங்களா?