நீரடியில் ஒரு கடைத்தெரு

கண்டி மாநகரிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே, தென்னக்கும்புரைப் பாலத்தில் மகாவலியைக் கடந்து, குண்டசாலை, திகன ஆகிய ஊர்களைத் தாண்டி, ஏறக்குறைய 25 கிலோமீட்டர் சென்றால் தெல்தெனிய என்னும் சிறு நகரம் வரும். அப்பாலுள்ள பதினெட்டு வளைவுகளைக் காணும் ஆவலில் செல்லும் வாசகர்கள் பலர் இவ்வூரை வண்டியின் சாளரத்தின் வழியே பார்த்திருப்பர். இறங்கிப் பார்த்தவர் சிலரே. சென்ற மாதம் நாம் இறங்கினோம். நம்முடன் ஓர் இளைஞனும் இறங்கினான்.

அவன் நம் சிறிய தந்தையாரின் பேரன். திருச்செந்தூருக்கு அருகிலுள்ள சிற்றூரிலே பிறந்தவன். உணவு விடுதிகளில் சில ஆண்டுகள் வேலை பார்த்துக் கொஞ்சம் பணமும் சேர்த்திருக்கிறான். "பெரியப்பா, தாத்தா கடை வைத்திருந்த ஊரிலேயே நானும் ஒரு கடை வைக்கப் போகிறேன். பலசரக்கும் நம்மூர்ப் பலகாரமும் விற்கலாம்" என்று சொல்லிக்கொண்டு விமானத்தில் வந்து இறங்கிவிட்டான். பயணி விசாவிலே வந்த பிள்ளை! அவனை வைதனுப்ப மனம் வரவில்லை. 'முதலில் அந்தக் கடையைப் பார்' என்று அழைத்துச் சென்றோம்.

பார்ப்பதற்குக் கடை இல்லை என்பதை வழியிலேயே சொன்னோம். இன்று நாம் காணும் தெல்தெனிய புதிய ஊர், மேட்டிலே கட்டப்பட்டது. பழைய ஊர் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியிலே கிடக்கின்றது. மகாவலித் திட்டத்தின் கீழ் பிரித்தானிய உதவியுடன் 122 மீட்டர் உயரத்தில் எழுப்பப்பட்ட அணையை, 1985ஆம் ஆண்டு ஏப்ரலில், பிரித்தானியப் பிரதமர் மார்கரட் தட்சர் அம்மையார் உடனிருக்க, ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தனா திறந்து வைத்தார். 210 மெகாவாட் மின்சாரம் அங்கே பிறக்கின்றது. அதற்கு விலையாகத் தும்பறைப் பள்ளத்தாக்கின் வயல்களும் கொக்கோத் தோட்டங்களும், ஒரு கடைத்தெரு முழுவதும் நீருக்குள் இறங்கின. மழை பொய்த்த ஆண்டுகளில் நீர் வற்றும்போது பழைய சுவர்களும் வழிபாட்டிடங்களின் எச்சங்களும் தலை தூக்கும். அவற்றைக் காண்பதற்கென்றே மக்கள் திரண்டு வருவர். நாம் சென்ற நாளில் நீர் நிறைந்திருந்தது. பையன் கரையில் நின்று வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கடை நம் நினைவில் இருக்கின்றது. அரிசி, மிளகாய், கருவாடு, தேங்காயெண்ணெய், ஒரு மூலையில் சீத்தைத் துணிச் சுருள்கள். மேலே தோட்டங்களிலிருந்து இறங்கி வரும் தொழிலாளர்கள் மாதம் முழுவதும் கடனுக்கு வாங்குவர். சம்பள நாளிலே கொடுப்பர். மழை மிகுந்து வேலை குறைந்த மாதங்களில் பாதி கொடுப்பர். கடன் கொப்பிதான் கடையின் உயிர். முதல் ஆறு மாதம் யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதே தெரியாது என்றும், மூன்று ஆண்டு சென்ற பின்பே ஒரு வாணிகனுக்கு ஊர் பிடிபடும் என்றும் நம் தந்தையார் கூறுவதுண்டு.

நம் தந்தையார் 1934ஆம் ஆண்டிலே இலங்கைக்கு வந்தவர். 1937இல் நம் தாயாரையும் அழைத்து வந்துவிட்டார். அவருடைய தம்பி 1938இலே பதினாறு வயதில் வந்து சேர்ந்தார். ஒரே கடையில், ஒரே பாயில் படுத்து உழைத்த இருவர். ஆனால் சட்டம் வந்து நடுவே கோடு கீறிற்று. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, மணமானவர் 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் தொடர்ந்து ஏழு ஆண்டு இங்கு வசித்திருத்தல் வேண்டும். மணமாகாதவர்க்குப் பத்து ஆண்டு. தந்தையார் தேறினார். சிறிய தந்தையார்க்கு ஈராண்டு குறைந்தது.

பிரஜாவுரிமை பெறாத வாணிகர்க்கு வேறு வழி ஒன்றுதான். 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபின், தற்காலிக வதிவிட அனுமதிச் சீட்டுப் பெற்றுக் கடை நடத்துவது. 'டி.ஆர்.பி.' என்று அக்காலத்தில் கடைத்தெருவெங்கும் வழங்கிய எழுத்துக்கள் அவையே. அந்தச் சீட்டு முடியும் நாள் நெருங்குந்தோறும் சிறிய தந்தையார் புதுச் சரக்கு எடுக்க மாட்டார். புதிதாகக் கடனும் கொடுக்க மாட்டார். கொடுத்தால் திரும்பி வருமுன் தாம் புறப்பட நேருமோ என்ற அச்சம். கடன் கொடாத கடைக்குத் தோட்டத்து மக்கள் ஏன் வருவர்? அடுத்த கடைக்குப் போயினர். சீட்டுப் புதுப்பிக்கப்பட்டால் மறுபடியும் அழைத்துச் சேர்க்க வேண்டும். இப்படியாகச் சட்டம் வந்து கதவைச் சாத்துமுன்பே கடை இளைத்துவிட்டது.

1957இலே சீட்டுப் புதுப்பிக்கப்படவில்லை. கண்டிப் புகைவண்டி நிலையத்தில், தலைமன்னார்க் கப்பலைப் பிடிப்பதற்காக அவர் ஏறியபோது நமக்கு வயது ஏழு. ஒரு தகரப் பெட்டியும் ஒரு கூஜாவும் அவர் கையில் இருந்தன. கடன் கொப்பியை நம் தந்தையாரிடம் கொடுத்துவிட்டு, "கேட்க வேண்டாம் அண்ணா, தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்.

புதிய தெல்தெனியவில் நமக்குத் தெரிந்த ஹாஜியார் ஒருவர் இருக்கிறார், எண்பதைக் கடந்தவர். அவருடைய தந்தையின் கடை பழைய தெருவில் நம் கடைக்கு அடுத்தது. நாங்கள் சென்று அமர்ந்ததும் தேநீர் வந்தது. பையன் யாரென்று அறிந்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனை உற்றுப் பார்த்தார்.

"மகன், உன்னுடைய பாட்டன் போகும்போது மிச்சச் சரக்கை எங்கள் வாப்பாதான் எடுத்தார். காசை ஊருக்கு அனுப்பலாமென்றால் அதற்கும் பர்மிட் கேட்டார்கள். மாஸ்டருடைய அப்பாவிடம் மாதாமாதம் கொடுத்துத் தீர்த்தார்" என்றார்.

பையன் தன் எண்ணத்தைச் சொன்னான். இங்கே நாம் குறுக்கிட்டு, விசாரித்து அறிந்தவற்றைக் கூற வேண்டியதாயிற்று. மாணவர்களும் இதைக் கவனிப்பது நன்று. பயணி விசாவில் வந்தவர் தொழில் செய்யலாகாது. 55 வயதைக் கடந்த வெளிநாட்டவர் பணம் கொணர்ந்து இங்கு நெடுநாள் தங்குவதற்கு விசாத் திட்டம் உண்டு. அதைக் கொண்டு வேலை பார்க்க இயலாது. ஓரிலட்சம் டாலரை வங்கியில் வைப்போர்க்குப் பத்தாண்டு விசா என 2022இல் ஒரு திட்டம் அறிவித்தனர். அது நம்மவனுக்கு எட்டாக்கனி. முதலீட்டாளராக வரலாமெனில், கம்பனி பதிய வேண்டும், அதற்குரிய வங்கிக் கணக்கின் வழியே பணம் வர வேண்டும், அரசு நிறுவனத்தின் சிபாரிசு வேண்டும். அதன் பின்பும் விசா அவ்வப்போது புதுப்பிக்க வேண்டியதே. நிலம் வாங்கலாமோ எனின், 2014ஆம் ஆண்டின் சட்டம் வெளிநாட்டவர்க்கு நில விற்பனையைத் தடுக்கின்றது, குத்தகைக்கு எடுக்கலாம். வட்டிக்குக் கடன் கொடுத்தல், அடகு பிடித்தல், பல இலட்சம் டாலர் முதலில்லாத சில்லறை வாணிகம் ஆகியவையோ வெளிநாட்டவர்க்கு மூடிய துறைகள்.

இந்தப் பட்டியலைச் சொல்லும்போது நமக்கே சிரிப்பு வந்தது. தமிழகத்திலிருந்து கண்டிச் சீமைக்கு வந்த நம் முன்னோர் எந்தெந்தத் தொழிலைப் பிடித்து முன்னேறினரோ, அவற்றையே தேடி எடுத்துப் பூட்டியதுபோல் இருக்கின்றது! ஆனால் நீதியாகச் சொல்ல வேண்டும். தன் ஊர்ச் சிறுகடைக்காரனைக் காக்க ஒரு நாடு வேலி போடுவது குற்றமாகாது. தமிழகத்து அண்ணாச்சிமாரும் பெருமுதலாளியின் கடை வருகிறதென்றால் கொடி பிடிக்கத்தானே செய்கின்றனர்?

"அப்படியானால் உரிமை உள்ளவர்களுக்குக் கவலை இல்லை" என்றான் பையன்.

ஹாஜியார் சிறிது நேரம் பேசவில்லை. 2018 மார்ச் மாதத்தில் திகனவிலும் தெல்தெனியவிலும் சுற்றுப்புறங்களிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதையும், மார்ச் 6ஆம் திகதி நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனமானதையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். "எனக்கு விசா வேண்டாம், பர்மிட் வேண்டாம். எங்கள் பாட்டன்மார் மண்ணாய்ப் போனதும் இந்த ஊரில்தான். ஆனாலும் அந்தக் கிழமை கடையைப் பூட்டித் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க விழித்திருந்தேன்" என்றார். பிறகு தாமே தொடர்ந்தார்: "விடிந்ததும் பக்கத்துச் சிங்கள வீட்டுக்காரர் பாண் கொண்டுவந்து தந்தார். அதையும் சொல்லத்தானே வேண்டும்."

பையன் அதன்பின் பலசரக்கைப் பற்றிப் பேசவில்லை. திகனைப் பக்கம் நீர்த்தேக்கத்தைப் பார்க்க வரும் பயணிகளுக்கு, இவ்வூர்ப் பங்காளி ஒருவருடன் சேர்ந்து சிறு தங்குமனையும் சமையலறையும் நடத்தலாமா, அதற்கு எந்த வகை விசா பொருந்தும் என்று கேட்கத் தொடங்கினான். கேள்வி சரியான திசைக்குத் திரும்பியதில் நமக்கு மகிழ்ச்சியே. வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசலாம் என்றோம்.

எழுந்தபோது ஹாஜியார் தம் மேசை இழுப்பறையைத் துழாவி, பழைய பித்தளைப் படிக்கல் ஒன்றை எடுத்தார். நம் கடைச் சரக்கோடு வந்ததாம். ஊர் நீரில் மூழ்கியபோதும் எறியாமல் மேட்டுக்குக் கொண்டுவந்தாராம். "எடுத்துக்கொண்டு போ மகன்" என்று நீட்டினார்.

பையன் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தான். "இங்கேயே இருக்கட்டும் ஹாஜியார். விசாவோடு வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்று மேசைமேல் வைத்துவிட்டான். கண்டி பஸ் வருவதாக வெளியே யாரோ கூவினர். இருவரும் விடைபெற்று ஓடினோம்.