யானை வரும் தோட்டத்தில் எங்கள் குடித்தனம்

சத்தியமங்கலத்திலிருந்து தாளவாடி போகும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள், சகோதரிகளே! பண்ணாரி மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு பஸ் மலையேறத் தொடங்கினால், திம்பம் போய்ச் சேருவதற்குள் 27 கொண்டை ஊசி வளைவுகள். கீழே பவானிசாகர் பக்கத்துச் சமவெளி வெயிலில் பளபளக்கும். மேலே போகப் போக காற்றில் ஒரு குளிர்ச்சி வந்து முகத்தைத் தடவும். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வயிறு முட்ட இட்லி கொடுத்து ஏற்றாதீர்கள். பாதி வயிற்றுக்குக் கொடுத்து, கையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது வளைவில் என்னை நினைத்துக்கொள்வீர்கள்!

திம்பம், ஆசனூர் தாண்டினால் இருபுறமும் காடு. சாலையோரம் புள்ளிமான் கூட்டம் நிற்கும். சில நாள் யானையும் நிற்கும். அப்போது டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டி, ஹாரன் அடிக்காமல் காத்திருப்பார். பஸ்ஸுக்குள் பச்சைக் குழந்தைகூட அழாது. இந்தக் காடு 2013-ல் புலிகள் காப்பகமானது. 2022-ல் வந்த உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு இரவில் இந்த வழியே வண்டிகள் போவதற்குக் கட்டுப்பாடும் வந்துவிட்டது. ஆம்புலன்ஸுக்குத் தடை இல்லை.

இப்படி ஒரு மலைக்கு மேலே, ஈரோடு மாவட்டத்தின் கடைசி ஓரத்தில்தான் எங்கள் நாலு ஏக்கர் தோட்டம் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் நடந்தால் கர்நாடகம். இங்கே பாதிப் பேர் வீட்டில் பேசுவது கன்னடம். தீபாவளி முடிந்ததும் பக்கத்தில் கும்டாபுரத்தில் ஒருவர் மேல் ஒருவர் சாணி அடித்துத் திருவிழா கொண்டாடுவதைப் பார்த்தால் நீங்கள் வாயில் கை வைத்துக்கொள்வீர்கள்.

நான் கோபிச்செட்டிபாளையத்துக்காரி. 2003-ல் கல்யாணமாகி இங்கே வந்தேன். அதற்கு மூன்று வருஷம் முன்னால்தான், 2000 ஜூலையில், தொட்ட காஜனூரிலிருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திப்போய் 108 நாள் காட்டில் வைத்திருந்தான். "அந்தக் காட்டுக்கா பொண்ணைக் குடுக்கறீங்க?" என்று ஊரே எங்கள் அம்மாவைக் கேட்டது. 2004-ல் வீரப்பனும் போய்ச் சேர்ந்தான். அவனைவிட நான் பயந்தது பாம்புக்கும் யானைக்கும்தான்!

விடிந்தால் விருந்தாளிகள்

எங்கள் வீட்டில் முதலில் எழுந்திருப்பது அத்தை. வாசல் தெளிப்பதற்கு முன் டார்ச் அடித்து வாசலை ஒரு சுற்றுப் பார்ப்பார்கள். என்ன கால்தடம் இருக்கிறது என்பதுதான் எங்கள் வீட்டுக் காலை நியூஸ். "முள்ளம்பன்னி வந்துட்டுப் போயிருக்குது கண்ணு, ஒரு முள்ளைப் போட்டுட்டுப் போயிருக்குது பாரு" என்பார்கள். என் சின்னவன் அப்படிக் கிடைத்த முட்களை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்து வைத்திருக்கிறான்.

மயில்கள் வந்து தக்காளி நாற்றைக் கொத்தும். அடித்து விரட்டக்கூடாது, தேசியப் பறவையாயிற்றே! தட்டைத் தட்டி ஓட்டுவோம். குரங்குகள் சமையலறை ஜன்னல் வழியே கை விட்டுத் தேங்காய் மூடியை எடுத்துக்கொண்டு போகும். ஜன்னலுக்குக் கம்பி வலை அடித்த பிறகுதான் நிம்மதி. காட்டுப்பன்றிக்கு மட்டும் பெண்கள் கண்டுபிடித்த வைத்தியம் ஒன்று இருக்கிறது: பழைய சேலை! வரப்பைச் சுற்றிக் குச்சி நட்டு, கலர் கலராகச் சேலையைக் கட்டிவிட்டால் காற்றில் ஆடும். மனித வாடையும் இருக்கும். கொஞ்ச நாளைக்குப் பன்றி தயங்கும். பழகிவிட்டால் மறுபடி வரும். அப்போது சேலையை இடம் மாற்றிக் கட்ட வேண்டும். என் கல்யாணத்துக்கு வந்த சேலைகளில் பாதி ராகிக் காட்டுக்குக் காவல் நின்றே கிழிந்து போயின.

சிறுத்தை கதை வேறு. அதற்கு நாய் என்றால் உயிர். எங்கள் மணி இருட்டினால் வீட்டுக்குள்தான். கன்றுக்குட்டிகளைக் கதவு போட்ட கொட்டகையில் அடைத்துவிடுவோம். இரவில் வெளிக்குப் போகும் பழக்கத்தையே நிறுத்த வேண்டுமென்று நான் பிடிவாதம் பிடித்து, வீட்டோடு சேர்த்துக் கழிப்பறை கட்டினோம். காட்டோரத்தில் இருக்கும் பெண்ணுக்கு நகையைவிட அதுதான் முதல் சொத்து என்பேன்.

பாம்பு விஷயத்தில் பிள்ளை பெற்றவர்களுக்கு

தோட்டத்தில் பாம்பு இல்லாமல் இருக்காது. சாரைப்பாம்பு எலியைத் தின்று நமக்கு நன்மைதான் செய்கிறது. நாங்கள் அதை அடிப்பதில்லை. நம் ஊரில் அதிகமாக ஆளைக் கொல்லும் விஷப்பாம்புகள் நாலு: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நாலுக்கும் ஒரே மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அந்த மருந்து செய்ய விஷம் எடுத்துக் கொடுப்பவர்கள் யார் தெரியுமா? சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்காரர்கள். 1978-லிருந்து அந்தச் சங்கம் இருக்கிறது.

தாய்மார்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது கட்டு விரியனை. இது இரவில் நடமாடும். தரையில் படுத்திருப்பவர்களைத் தூக்கத்திலேயே கடித்துவிடும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. விடிகாலையில் குழந்தை வயிறு வலிக்கிறது என்று அழும்; கண் இமை தொங்கும்; முழுங்க முடியாது. அஜீரணம் என்று ஓம வாட்டர் கொடுத்துக்கொண்டு இருந்துவிடக்கூடாது. அதனால்தான் எங்கள் வீட்டில் பிள்ளைகளைத் தரையில் படுக்க விடுவதே இல்லை. கட்டில் போட்டு, கொசுவலையைச் சுற்றிலும் மெத்தைக்கு அடியில் செருகிவிடுவோம்.

நாலு வருஷத்துக்கு முன் பக்கத்துத் தோட்டத்துக்கு செண்டுமல்லி பறிக்க வந்த ஓர் அக்காவைக் கண்ணாடி விரியன் கணுக்காலில் கடித்துவிட்டது. சுற்றி நின்றவர்களில் ஒருவர் கயிறு கேட்டார், ஒருவர் பிளேடு கேட்டார். எங்கள் அத்தை, "யாரும் ஒண்ணும் பண்ண வேண்டாம், அசையாமப் படுக்க வையுங்க" என்று சத்தம் போட்டார்கள். நான் மெட்டியையும் கொலுசையும் கழற்றினேன், வீங்கினால் பிறகு கழற்ற முடியாது. காலில் ஒரு குச்சியை வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டி, நடக்க விடாமல் தூக்கி ஜீப்பில் ஏற்றினோம். இறுக்கிக் கட்டவில்லை, கீறவில்லை, வாயால் உறிஞ்சவில்லை. ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தவர், இப்போதும் பூப்பறிக்க வருகிறார், காலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு! 108-க்குப் போன் செய்ய எங்கள் வீட்டில் சின்னவனுக்கும் தெரியும்.

"ஆனெ பந்து!"

இரவில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இந்தக் கன்னடக் குரல் கேட்டால், யானை வந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு யானைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தீனி வேண்டும். காட்டில் நாளெல்லாம் நடந்து தேட வேண்டிய தீனி, நம் வாழைத் தோட்டத்தில் ஒரே இடத்தில் இனிப்பாக நிற்கிறது. வராமல் என்ன செய்யும்? குட்டிகளோடு வரும் கூட்டத்துக்கு வயதான பெண் யானைதான் தலைவி. ஆனால் தோட்டத்துக்கு அதிகம் வருவது வளர்ந்த ஆண் யானைகள்தானாம். விஞ்ஞானி சுகுமார் 1980-களில் இந்தச் சத்தியமங்கலம், சாமராஜநகர் காடுகளிலேயே சுற்றித்திரிந்து இதை எழுதி வைத்திருக்கிறார். எங்கள் தோட்டத்துப் பரணில் காவலுக்குப் படுக்கும் சோளகர் பெரியவர் இதையே, "ஆம்பளைக்குத்தானுங்க அடுத்தவன் தோட்டத்து ருசி" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார்!

2023 ஜனவரியில் இரண்டு ராத்திரி தொடர்ந்து வந்தன. ஒன்றரை ஏக்கர் நேந்திரன், தார் விட்டு முற்றும் நேரம். விடிந்து போய்ப் பார்த்தால் 310 மரம் சாய்ந்து கிடந்தது. தாரை மட்டுமா தின்கிறது? மரத்தைக் கிழித்து உள்ளே இருக்கும் தண்டையும் உரித்துத் தின்றுவிட்டுப் போயிருந்தது. அந்த வாழைதான் என் மூத்தவளுக்குக் காலேஜ் பணம். அவள் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். "பரவால்லம்மா, நான் அடுத்த வருஷம் சேர்ந்துக்கறேன்" என்று அவள் சொன்னபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

என் வீட்டுக்காரர் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நாலாம் நாள் ஒரு கட்டுக் கம்பியோடு வந்தார். ராத்திரியில் கம்பியில் வீட்டுக் கரண்ட்டைக் கொடுத்துவிட்டால் எந்த யானையும் கிட்டே வராது என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குக் கை காலெல்லாம் நடுங்கியது. "ஏனுங்க, இது வேண்டாமுங்க" என்றேன். "அப்ப புள்ளைக்குப் பணம் நீ குடுக்கறயா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்த அத்தை பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தார்கள்.

"ஏஞ்சாமி, விடியறதுக்கு முன்னால பால் கறக்க அந்தப் பக்கம் போறது நாந்தான். அந்தக் கம்பிக்குக் கண்ணு இருக்குதா? ஆனை எது, ஆத்தா எது, உம் பையன் எதுன்னு அதுக்குத் தெரியுமா? கரண்ட் வெச்சீன்னா மொதல்ல நான் போய்த் தொடறேன். அப்பறம் நீ பண்ணயம் பண்ணிக்க."

அவர் ஒன்றும் பேசவில்லை. கம்பி கொட்டகை மூலையிலேயே கிடந்தது. ஆனால் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. தினமும் நான் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டேதான் சாணி அள்ளினேன்.

மார்ச் மாதம் டி.வி.யில் அந்தச் செய்தி வந்தது. தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கம் மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்துக் கிடந்தன. இரண்டு குட்டிகள் அந்த இடத்தை விட்டுப் போகாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தன. யானைத் தாய் 20 மாதத்துக்கு மேல் சுமந்து பெறுகிறாள். அதைப் பார்த்து எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் அந்தக் கம்பியை எடுத்துக் கொல்லையில் இரண்டு கல்தூணுக்கு நடுவே கட்டிவிட்டார். இப்போது அது எனக்குத் துணி காயப்போடும் கொடி!

மிச்சம் நின்ற வாழையை ஆள் மாற்றி ஆள் காவல் காத்து விற்றோம். என் நாலு வளையலை அடகு வைத்தேன். மூத்தவள் அந்த வருஷமே கோயம்புத்தூரில் காலேஜ் சேர்ந்தாள்.

இப்போது என்ன செய்கிறோம்?

பக்கத்துத் தோட்டக்காரர்களோடு சேர்ந்து சோலார் வேலி போட்டோம். இதில் பேட்டரியிலிருந்து கரண்ட் விட்டு விட்டு, ஒரு நொடிக்கு ஒரு தட்டு என்பது போல வரும். தொட்டால் சுரீர் என்று உதைக்கும், உயிருக்கு ஆபத்து வராது. போட்டுவிட்டால் மட்டும் போதாது. புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் கரண்ட் மண்ணுக்கு இறங்கிவிடும். வாராவாரம் வேலியடிக் களை எடுப்பது எங்கள் பெண்கள் வேலை. யானையும் லேசுப்பட்டதல்ல, மரத்தை ஒடித்துக் கம்பி மேல் சாய்த்துவிட்டு உள்ளே வரும்! தந்தத்தால் தள்ளினால் அதற்கு உதைக்காது என்பதும் அதற்குத் தெரியும்.

அதனால் காட்டை ஒட்டிய ஓரத்தில் வாழையை விட்டுவிட்டு மஞ்சளும் மிளகாயும் வைத்திருக்கிறோம். மிதிக்குமே தவிர இவற்றை அது விரும்பித் தின்பதில்லை. பலாப்பழத்தைப் பழுக்க விடாமல் பிஞ்சிலேயே பறித்துக் கறி சமைத்துவிடுகிறேன், பழ வாசனை காடு வரைக்கும் போகுமே! யானை வந்தால் யாரும் வெளியே ஓடக்கூடாது, செல்போனில் படம் பிடிக்கக்கூடாது. பெரியவர்கள் பரணிலிருந்து வெளிச்சம் அடித்துச் சத்தம் கொடுப்பார்கள், வனத்துறைக்குப் போன் செய்வார்கள். பிள்ளைகளுக்கு இது பாடமாகவே ஆகிவிட்டது.

போன மாதமும் இரண்டு யானைகள் வந்து 12 மரத்தைச் சாய்த்துவிட்டுத்தான் போயின. அத்தை கணக்குப் பார்த்துவிட்டு, "வாடகை வாங்கிட்டுப் போகுது, போகட்டும்" என்றார்கள்.

எங்கள் பக்கம் வர விரும்பும் சகோதரிகள் பகலிலேயே மலையேறி விடுங்கள். வழியில் வண்டியை நிறுத்தி இறங்காதீர்கள். குரங்குக்கும் மானுக்கும் தீனி போடாதீர்கள். மிச்சச் சோறு கட்டிய பிளாஸ்டிக் பையை வீசாதீர்கள், அதை அப்படியே விழுங்கிவிடும். மார்கழி, தை மாதக் குளிருக்குக் குழந்தைகளுக்கு ஸ்வெட்டரும் குல்லாவும் அவசியம். தாளவாடி சந்தையில் ராகி வாங்கிப் போங்கள். எங்கள் மண் ராகியில் களி கிண்டி, கீரைக் குழம்பு ஊற்றிக் கொடுத்துப் பாருங்கள், பிள்ளைகள் மறு உருண்டை கேட்பார்கள்!